அம்பூஷூருக்குப் போன சவரி அண்ணன்

1. வராத சுரம்

டியூபா என்கிற பெரிய பித்தளைக் குழலை நான் முதன்முதலாகத் தோளில் மாட்டியது ஒரு சாவு ஊர்வலத்தில். எழுபதுகளின் நடுப்பகுதி. அதுவரை எங்கள் நெல்லித்தோப்பு பேண்டில் அதன் தம்பி மாதிரியான யூஃபோனியம் வாசித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். டியூபா வாசித்த சவரிநாதன் அண்ணன் காணாமல் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடிச் சுரம் தரும் பாஸ் இல்லாத பேண்டை எவன் கூப்பிடுவான்? மிக்கேலுக்கு மூச்சு இருக்கிறது, அவன் தூக்கட்டும் என்று ஷெஃப் என்னைக் கை காட்டிவிட்டார்.

ஷெஃப் என்றால் எங்கள் பேண்ட் மாஸ்டர் தனராசு. பிரெஞ்சு ராணுவ பேண்டில் வாசித்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். மிக்கேல் என்கிற நான் அவர் வாயில் மிஷேல். நாங்கள் பி ஃபிளாட் என்றால் அவர் சி பெமோல் என்பார். மவுத்பீஸை அம்பூஷூர் என்பார். மற்ற பிரெஞ்சு வார்த்தைகளெல்லாம் எங்களுக்கு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விடும். அம்பூஷூர் மட்டும் பேண்டில் எல்லோர் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது.

எங்கள் பேண்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கல்லறை வாசலை அடைந்ததும் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். பெட்டி வாசலைத் தாண்டும்வரை டியூபா மட்டும் அடியில் உள்ள சி பெமோலை ஒரே மூச்சில் பிடித்து நிற்கும். அந்த ஒரு சுரத்துக்காகவே எங்களைக் கூப்பிட்ட குடும்பங்கள் உண்டு. அன்றைக்கு வாசல் வந்தது, எல்லாரும் நிறுத்தினார்கள், நான் ஊதினேன். காற்று போனது, சுரம் வரவில்லை. பெட்டி மௌனமாக உள்ளே போயிற்று.

ஷெஃப் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் முன்னால் நடப்பார். யாராவது சுரத்தை விட்டால் திரும்பிப் பார்ப்பார். திட்டமாட்டார். அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலாம். அன்று திரும்பிப் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் அம்பூஷூர் சரியில்லை என்று அவரிடம் சொன்னேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார்.

ஆனால் கூடம் உண்மையிலேயே கோணல்தான். மவுத்பீஸில் பார்க்க வேண்டியது மூன்று. உதடு உட்காரும் விளிம்பு, மூச்சு விழும் கிண்ணம், வாத்தியத்துக்குள் நுழையும் வால். எங்கள் டியூபா பழைய பிரெஞ்சு வாத்தியம், ஊரிலேயே அந்த மாதிரி ஒன்றுதான். அதில் செருகியிருந்ததோ மெட்ராஸில் வாங்கிய இங்கிலீஷ் மவுத்பீஸ். வால் ஒல்லி. ஆழமாக இறங்கி உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. காகிதம் சுற்றிப் பார்த்தேன், நூல் சுற்றிப் பார்த்தேன். செருப்பு பெரிதாக இருந்தால் பஞ்சு வைத்து நடக்கலாம், ஓட முடியுமா?

வாத்தியத்தோடு பிறந்த மவுத்பீஸை சவரி அண்ணன் கொண்டுபோய்விட்டார்.

2. ஓடிப்போனவன் பொண்டாட்டி

அந்தக் கதையை பேண்டில் சேருகிற எல்லாருக்கும் சொல்வார்கள். ஒரு ரிகர்சலில் ஷெஃப் சவரி அண்ணனைக் கடிந்துகொண்டார். கீழ்ச் சுரம் தேய்ந்து வருகிறது, அம்பூஷூரை மாற்று என்றார். நானும் அன்று பக்கத்தில் இருந்தேன். அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. அந்த வாரமே ஒரு சாயங்காலம், பெருமழை விட்ட நேரம், சட்டையை மாட்டிக்கொண்டு தன் மனைவி பிலோமினாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

"அம்பூஷூருக்குப் போயிட்டு வந்துடறேன்."

வரவேயில்லை.

பிலோமினா அக்கா வில்லியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். அந்த வார்த்தை என்னவென்று அவருக்குத் தெரியாது. காதில் விழுந்ததை விழுந்தபடியே ஷெஃப்பிடம் வந்து சொன்னார். புது மவுத்பீஸுக்காக மெட்ராஸ் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்று ஷெஃப் தேற்றி அனுப்பினார். பிறகு ஆளை விட்டு மெட்ராஸ் வாத்தியக் கடைகளில் விசாரித்ததில் அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். மெட்ராஸ் பம்பாய் ஆயிற்று. பம்பாயில் ஒரு பெண்ணும் முளைத்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கொஞ்ச நாளில் அக்காவுக்குத் தெருவில் பெயரே இல்லாமல் போய்விட்டது. ஓடிப்போனவன் பொண்டாட்டி, அவ்வளவுதான்.

பிழைப்புக்கு, வாத்தியங்களை வைத்து ரிகர்சல் பார்க்கிற எங்கள் பேண்ட் வீட்டைக் கூட்டித் துடைக்கிற வேலையை ஷெஃப் அவருக்குக் கொடுத்திருந்தார். கழுத்தில் தாலி இருந்தது, தலையில் பூ இருந்தது. புருஷன் விட்டுப் போனவளுக்குப் பூ என்ன கேடா என்று ஒருத்தி கேட்டால், பூவில்லாமல் வந்த அன்று, கட்டினவன் உயிரோடு இருக்கையில் பூவை ஏன் எடுத்தாய் என்று இன்னொருத்தி கேட்பாள். செத்தவர்களுக்கான பூசை ஒன்று வைக்கச் சொல்லி அக்கா பங்குச் சாமியாரிடம் போய் நின்றிருக்கிறார். உயிரோடு இருக்கிறார் என்று ஊரே சொல்கிற ஆளுக்கு நான் எப்படியம்மா வைப்பது என்று அவர் தன்மையாகத்தான் கேட்டாராம். அழுவதற்குக்கூட அந்த அம்மாளுக்கு உரிமை இல்லை.

என்னிடம் ஒருநாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்:

"என்ன வுட்டுட்டுப் போவாரு தம்பி, ஆம்பளைங்க செய்யறதுதான் அது. வாத்தியத்த வுட்டுட்டுப் போவாரா?"

நான் தலையை ஆட்டினேன்.

3. உப்பு

ஊதுகிறவனின் மூச்சு குழாய்க்குள் குளிர்ந்து தண்ணீராக நிற்கும். அதை வடிப்பதற்கு அடியில் ஒரு சின்ன வால்வு உண்டு. வாசித்து முடித்ததும் தண்ணீரை வடித்து, துணியால் துடைத்து, மூலையில் வைத்துவிட்டுப் போவது என் பழக்கம். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கிறுக்கு. பக்கத்து ஆள் வடிக்காமல் போனால்கூட எனக்குத் தூக்கம் வராது.

ஆனால் காலையில் வந்து பார்த்தால் டியூபாவின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். முதலில் என் மறதி என்று நினைத்தேன். பிறகு வால்வு ஒழுகுகிறது என்று கார்க்கை மாற்றினேன். கடல்காற்றுக்குப் பித்தளை வேர்க்கத்தான் வேர்க்கும் என்று ஷெஃப் சொன்னார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். எழுந்து பேண்ட் வீட்டுக்குப் போன அன்று அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ வாத்தியத்தத் தொட்டே ஒரு வாரம் ஆவுது. இது யாரு ஊதுன தண்ணி?"

நான் ஷெஃப் சொன்னதையே சொன்னேன், பித்தளை வேர்க்கும் என்று. அன்று வால்வைத் திறந்து வடித்தபோது விரல் நனைந்தது. என்ன தோன்றியதோ, நுனி நாக்கில் வைத்தேன். உப்பு. வியர்வை உப்பு இல்லை, கடல் உப்பு. சட்டென்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அக்கா துணியைப் பிழிந்தபடி, என் பக்கம் திரும்பாமலே, "கரிக்குது இல்ல?" என்றார். எத்தனை நாளாக அவருக்கு அது தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. சில வேளைகளில் மூலையில் நிற்கிற டியூபா லேசாக முனகும். தெருவில் லாரி போனால் பாத்திரங்கள் அதிருமே, அந்த மாதிரி. ஆனால் தெருவில் லாரி இருக்காது. இன்றைக்குக் காலையில் கேட்டால் நாளைக்கு அதைவிடக் கொஞ்சம் தள்ளிக் கேட்கும், மறுநாள் இன்னும் தள்ளி. அப்படியே நகர்ந்து மத்தியானத்துக்கு வரும். அது முனகும்போது அக்கா கூட்டுவதை நிறுத்திவிட்டு நிற்பார். அடங்கியதும் மறுபடி கூட்டுவார். நான் சுருதி சேர்ப்பதுபோல எதையாவது உருட்டிக்கொண்டிருப்பேன். பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

4. கடைசல்

மில் ஒர்க்‌ஷாப்பில் கடைசல் பிடிக்கிற டர்னர் ஒருவர் எங்கள் கிளாரினெட்காரருக்கு மச்சான். அவரிடம் பித்தளைத் தண்டு கொடுத்து ஒரு மவுத்பீஸ் கடைந்து வாங்கினேன். வாலுக்கு அளவு எடுப்பது சுலபம். வாத்தியத்தின் வாயே அளவு. கரி தடவிச் செருகிப் பார்த்து, பட்ட இடத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சரி செய்துவிட்டார். ஆட்டம் நின்றது. கிண்ணத்துக்கு எங்கே போவது? அதன் ஆழம் என்ன, தொண்டை எவ்வளவு குறுகல் என்று காட்டுவதற்கு மாதிரி எங்களிடம் இல்லை. குத்துமதிப்பாகக் குடைந்தார்.

பரவாயில்லாத மவுத்பீஸ். மார்ச் வாசிக்கும், மாதா பாட்டு வாசிக்கும். அந்த அடிச் சுரம் மட்டும் அடுத்த அறையில் யாரோ பேசுவதுபோல வந்தது. கல்லறை வாசலில் ஷெஃப் திரும்பிப் பார்ப்பது நிற்கவில்லை. இப்படியே போனால் எல்லாரும் சாவுக்கு மேளக்காரர்களைத்தான் கூப்பிடுவார்கள் என்று ஒருநாள் சொல்லிக்காட்டினார்.

5. தேங்காய்த்திட்டு

தேங்காய்த்திட்டில் ஒரு புதுப் படகை மந்திரிக்கிற வைபவத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். சாமியார் வரத் தாமதம். வெயிலுக்கு ஒதுங்கி, வலை காய்கிற இடத்தில் டியூபாவை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மவுத்பீஸைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் அதையே பார்த்தார். தன்னிடமும் இதுமாதிரி ஒன்று இருக்கிறது என்றார்.

மணலில் ஓரமாகச் சுருட்டிப் போட்டிருந்த ஒரு வலையின் அடிக்கயிற்றை இழுத்துக் காட்டினார். ஈயக் குண்டுகள் வரிசையாகக் கோத்திருந்தன. நடுவில் ஒன்று மட்டும் குண்டு இல்லை. பச்சைக் களிம்பும் சிப்பியும் பற்றியிருந்த பித்தளைக் கிண்ணம். வலையில் சிக்கியதாம். ஓட்டை இருக்கிறதே என்று குண்டுகளோடு சேர்த்துக் கோத்துவிட்டாராம்.

நல்ல வலையை ஏன் ஓரமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வத்தத்துல எறக்குனா மொனவுதுண்ணே. கயிறு கையில அதிருது. பசங்க தொட மாட்டேங்கறானுங்க."

கடல் வடிகிற நேரத்தை அங்கே வற்றம் என்பார்கள். அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகும் என்பதும் கடற்கரையில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேண்ட் வீட்டு மூலையில் டியூபா முனகுகிற நேரமும் அப்படித்தான் தள்ளிப் போகும்.

கயிற்றை அறுத்துக் கொடுத்தார். வாலில் ஒட்டியிருந்த சிப்பியைக் கத்தியால் சுரண்டி, கழுவி, டியூபாவில் செருகினேன். எங்கே நிற்க வேண்டுமோ அங்கே டொக்கென்று நின்றது. காகிதமும் வேண்டாம், நூலும் வேண்டாம். பூட்டுக்குச் சாவிபோல.

வாயில் வைக்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாத்தியக்காரன் புத்தி போகுமா? வைத்து, அடிச் சுரத்தை ஊதினேன். நான் தேடித் தேடி அலைந்த சி பெமோல், கொழுக்கட்டை மாதிரி முழுசாக வந்து விழுந்தது. கரையில் பேச்சு நின்றுபோயிற்று. ஷெஃப் தூரத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படகுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். திரும்பினார். என் பெயரைச் சொல்லவில்லை.

"சவரி" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். மணலில் விறுவிறுவென்று நடந்து வந்தார். மவுத்பீஸைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே கிடைத்தது என்று கேட்டார். வலைக்காரர் பதில் சொல்வதற்குள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய மாமனார் சொன்னார். அவர் அந்தக் காலத்தில் பிரெஞ்சுத் துறைமுகப் படகில் வேலை பார்த்த மனிதர்.

"அம்பூஷூர்ல."

"அம்பூஷூர்தான்யா இது. தெரியுது. எங்க கெடச்சிதுன்னு கேக்கறேன்."

"அதத்தான சொல்றேன். அம்பூஷூர்ல."

கையை நீட்டிக் காட்டினார். ஆறு கடலில் விழுகிற இடம். மணல் திட்டும் அதைச் சுற்றி அலையும் தெரிந்தன.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஷெஃப்புக்கு விளங்கிவிட்டது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பிரெஞ்சில் வாத்தியத்தின் வாய்க்கும் ஆற்றின் வாய்க்கும் ஒரே வார்த்தை என்பதைப் பிறகுதான் எனக்குச் சொன்னார். துறைமுகத்தில் வேலை பார்த்த குடும்பங்களில் முகத்துவாரத்தை அப்படித்தான் சொல்வார்களாம். சவரி அண்ணனின் அப்பாவும் துறைமுகத்து ஆள்தான்.

பெரியவர் கேட்காமலே மேலே சொன்னார்:

"மழ வுட்ட சாயங்காலம் ஒண்ணு. திட்டு மேல ஒருத்தரு நின்னுனு, உதட்டுல எத்தயோ வெச்சி ஊதினு இருந்தாரு. ஆத்துல வெள்ளம் ஏறினு இருந்துது. கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுபோச்சி. வூட்டுக்குப் போயிட்டாருன்னு நெனச்சேன்."

வாத்தியம் இல்லாமல் மவுத்பீஸை மட்டும் உதட்டில் வைத்து ஊதிப் பழகுவது டியூபாக்காரர்களின் வழக்கம். தெருவில் செய்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சவரி அண்ணன் அம்பூஷூரை மாற்றப் போகவில்லை. சுரம் தேய்கிறது என்றாரே ஷெஃப், அதைச் சரி செய்யப் போயிருக்கிறார்.

6. வாசல்

அன்று சாயங்காலமே ஷெஃப் பிலோமினா அக்கா வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் வாத்தியத்து வாய நெனச்சேம்மா. ஆத்து வாய நெனக்கல" என்றார்.

பிறகு கரையில் கேட்டதைச் சொன்னார். அக்கா மவுத்பீஸை வாங்கி முந்தானையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், கேட்பதுபோல இல்லாமல் தனக்கே சொல்வதுபோல, அவர் என்னை விட்டுப் போகவில்லை என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சேர்த்து வைத்திருந்த அழுகை. தெருவே வந்து வாசலில் நின்றது.

இதை அடக்கம் செய்ய வேண்டும் என்றார் அக்கா. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது கொடுக்க மனசில்லாத பொருள். அப்படி ஒரு சுரத்தை நான் அதற்கு முன்னும் ஊதியதில்லை, பின்னும் ஊதியதில்லை. ஆனால் சிலருக்கு அடக்கம் செய்ய உடம்பு இருக்கும். அக்காவிடம் இருந்தது இது ஒன்றுதான். மவுத்பீஸை அக்கா கையிலேயே விட்டுவிட்டேன்.

ஷெஃப்பே பங்குச் சாமியாரிடம் போய், தான் ஒரு வார்த்தையைத் தப்பாக எடுத்துக்கொண்டு ஒரு மனிதனை ஊரைவிட்டு ஓடவைத்த கதையைச் சொன்னார். சாமியார் மேலிடத்தில் கேட்டு அனுமதி வாங்கினார். ஒரு சின்னப் பெட்டி செய்தார்கள். பூசை நடந்தது. முழு பேண்டும் காசு வாங்காமல் போனோம்.

கல்லறை வாசல் வந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். என் டியூபாவில் இருந்தது கடைசல் மவுத்பீஸ். மூச்சை இழுத்தேன். முன்னால் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்ததும் உதடு மவுத்பீஸில் பதியவில்லை. நான் ஊதவில்லை. இதை எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் செய்வேன், ஒரு பொட்டு மூச்சு என் வாயிலிருந்து வாத்தியத்துக்குள் போகவில்லை.

ஷெஃப் திரும்பிப் பார்ப்பார் என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவில்லை. பெட்டி மெதுவாக வாசலைத் தாண்டியது. அதுவரை அவர் தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் தோளில் டியூபா அதிர்ந்துகொண்டிருந்தது. பெட்டி உள்ளே போனதும் அதிர்வு நின்றது. எனக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பும்போது ஷெஃப் என் முதுகில் தட்டினார்.

"இன்னிக்குத்தான் அந்த சுரத்த முழுசா புடிச்ச, மிஷேல்."

மறுநாள் காலையில் பேண்ட் வீட்டில் டியூபாவின் அடியில் தரை உலர்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு அந்த வாத்தியத்தில் என் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் வந்ததே இல்லை.

இப்போது டியூபா பழகுகிற பிள்ளைகள் கையில் ஏதோ ஒரு சைஸ் நம்பரை எழுதிக்கொண்டு வந்து, எந்த மவுத்பீஸ் நல்லது என்று கேட்கிறார்கள். வால் ஆடக் கூடாது. கிண்ணம் ஆழமாக இருக்க வேண்டும். விளிம்பு உதட்டை வெட்டக் கூடாது. கடையில் நின்று அடிச் சுரத்தை ஊதிப் பாருங்கள், மேல்சுரம் எல்லா மவுத்பீஸிலும் வரும். இதெல்லாம் தொழில் பாடம். இன்னொரு பாடம் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை, பிலோமினா அக்கா சொல்லிக் கொடுத்தார். ஒருவர் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனால், அது நமக்குத் தெரிந்த அர்த்தம்தான் என்று கதவைச் சாத்திவிடாதீர்கள்.

அடக்கத்தன்று வாசலில் அக்கா எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கொஞ்ச நாள் கழித்து, பேண்ட் வீட்டில் தனியாக இருந்தபோது, நான் அன்று ஊதவேயில்லை என்று அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் தலையில் பூ இல்லை, கழுத்தில் தாலி இல்லை. தெருவில் அதற்குள் அவரை சவரி சம்சாரம் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். துடைப்பத்தைக் கீழே வைக்காமல் அக்கா சொன்னார்:

"தெரியும் தம்பி. போயிட்டு வந்துடறேன்னுதான சொல்லிட்டுப் போனாரு. வந்துட்டாரு."